நிறுத்தம் இல்லாத இடத்தில் கீரை

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மனைவியின் உடன்பிறந்த அண்ணன், போன மாதம்வரை பஸ் ஓட்டியவன், இந்த மாதம் பஸ் கழுவுகிறவன், கைகட்டி நின்று எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் வீட்டுக்காரியும் ஏதோ இருக்கிறோம். அங்கே நீங்களும் என் தங்கையும் பிள்ளைகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கு அதற்கு வேண்டிய நேரமும் இடமும் இருக்கிறது. போனில் சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் "மச்சான், மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்பீர்கள். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. மேலும் நீங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். எதையும் எழுத்தில் கொடுத்தால்தான் உங்களுக்குத் திருப்தி என்பதை, உங்கள் சங்கம் எங்கள் பஸ் கம்பெனிக்கு அனுப்பிய புகாரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உங்கள் குடியிருப்பு வாசலுக்கு எதிரே, நிறுத்தமே இல்லாத இடத்தில் ஒரு பஸ் டிரைவர் தினமும் வண்டியை நிறுத்திக் கூட்டம் சேர்க்கிறான், அவன்மேல் நடவடிக்கை வேண்டும் என்று எழுதிக் கீழே நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அந்த டிரைவர் நான்தான் மாப்பிள்ளை. அது உங்களுக்குத் தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்கவே மாட்டீர்கள் என்று என் வீட்டுக்காரியிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன். "அண்ணனுக்குத் தெரியாதாக்கும்" என்று உங்களைப் பற்றி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு அவள் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். அந்தப் புகாரைத் திரும்பப் பெறுவதாக நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என் ஸ்டியரிங் எனக்குத் திரும்பக் கிடைக்கும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கேட்பதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் சொல்லிவிடுவது முறை, ஏனென்றால் ஆரம்பித்துவைத்தவர் நீங்கள்.

உங்கள் புது வீட்டு மொட்டைமாடியில் விருந்து வைத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? வந்தவர்கள் எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிவிட்டு நாற்காலி வாங்கக் கையில் காசு இல்லாமல் போய்விட்டதே என்று என் வீட்டுக்காரி மனசுக்குள் வருத்தப்பட்டாள். எனக்குக் கொடுத்த தட்டில் முக்கால்வாசி இலை. அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அதை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பாட்டைத் தேடினேன். இலைதான் சாப்பாடு என்றார்கள். அந்த நேரம் பார்த்து நீங்கள் வந்து, உங்கள் ஆபீஸ்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் என் வயிற்றைத் தட்டி, "மச்சான், இது என்ன, ஸ்டெப்னி டயரைக் கையோட எடுத்துக்கிட்டே சுத்துறீங்களா?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தங்கை வீட்டுக்காரர் தட்டினால் வயிற்றைக் கொடுத்துக்கொண்டு நிற்பதுதானே மரியாதை? பிறகு என் தோளில் கைபோட்டு, "எல்லாம் மனசுதான் மச்சான். உங்க பக்கத்து ஆளுங்களுக்குக் கட்டுப்பாடு இல்ல, அதுதான் வியாதி. காலையில ஒரு கிண்ணம் கீரை, மத்தியானம் ஒரு கிண்ணம் காய், ராத்திரி ஒரு பழம். வேற என்ன வேணும் மனுஷனுக்கு? ஏழைங்க சாப்பாடு மச்சான் இது, எளிமையான சாப்பாடு" என்று சொன்னீர்கள். ஏழைங்க சாப்பாட்டை நான் முதன்முதலாகப் பார்த்தது உங்கள் மொட்டைமாடியில்தான். வீட்டுக்கு வரும் வழியில் இருவருக்கும் பசித்தது. அதை இங்கே சொல்லக்கூடாது, சொல்லிவிட்டேன்.

உங்கள் வாய்க்கு என்ன ராசியோ, அடுத்த வாரமே எங்கள் டிப்போவில் டிரைவர்களுக்கெல்லாம் உடம்புப் பரிசோதனை வைத்தார்கள். டிப்போ டாக்டர் யாருடைய முகத்தையும் பார்க்கமாட்டார், தாளைத்தான் பார்ப்பார். என் தாளைப் பார்த்ததும் முகத்தையும் பார்த்தார். அப்போதே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சுகர் இந்த அளவுல இருந்தா வண்டி குடுக்க முடியாதுப்பா. ஸ்டியரிங்ல மயங்கி விழுந்தா உள்ள இருக்கிறவங்க கதி என்ன? அடுத்த பரிசோதனைக்குள்ள குறைச்சுட்டு வா. இல்லேன்னா கழுவுற ஷெட்டுக்கு எழுதிருவேன்" என்றார். கழுவுற ஷெட் என்பது டிப்போவின் பின்பக்கம் இருக்கிற தகரக் கொட்டகை. கண் போனவர்கள், கை நடுங்குகிறவர்கள், இடித்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு அங்கே பஸ்ஸுக்குத் தண்ணீர் அடிப்பார்கள். சம்பளம் குறையும், அது கிடக்கட்டும். பதினெட்டு வயதில் கிளீனராக ஏறிக் கெஞ்சிக் கூத்தாடிக் கற்றுக்கொண்ட ஸ்டியரிங் மாப்பிள்ளை அது. எங்கள் தெருவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, டிரைவரே என்றுதான் கூப்பிடுவார்கள். அதை விட்டால் எனக்கு வேறு பெயர் கிடையாது. "என்ன சாப்பிடணும் டாக்டர்?" என்று கேட்டேன். நீங்கள் சொன்னதையே சொன்னார். கீரை, காய், பழம். பெரிய மனிதர்கள் ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, மனசுதானே, மனசை வைத்துவிடுவோம் என்று அன்று சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு மூலைக்கடைக்குப் போனேன். எங்கள் தெருவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது, கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் இந்தப் பக்கம் வந்ததில்லை. வந்தால் கார் திரும்ப இடமில்லை என்பதும் வாஸ்தவம்தான். எங்களுக்கு மூன்று கடை. ஒன்று மூலைக்கடை, ஒன்று எண்ணெய்ப் பலகாரக் கடை, ஒன்று போன் ரிப்பேர் கடை. போன் கடையிலும் கலர் சோடா விற்பார்கள். எல்லாப் பழத்தின் படமும் அந்தப் பாட்டில்கள்மேல் இருக்கும். மூலைக்கடைக்காரரிடம், "பச்சையா ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன். நல்ல மனிதர், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பச்சையான்னா சோப்பு இருக்கு" என்றார். கீரை கேட்கிறேன் என்றதும் சிரித்தார். "அதை வாங்கி வெச்சா சாயங்காலத்துக்குள்ள வாடிரும் டிரைவரே. யாரு தலையில கட்டுறது? பாக்கெட்டுன்னா பாருங்க, நான் செத்தாலும் அது கெடாது." கண்ணாடிப் பெட்டிமேல் ஒரே ஒரு ஆப்பிள் சிவப்பாக இருந்தது. அதையாவது கொடுங்கள் என்று கையில் எடுத்தேன். பிளாஸ்டிக். கடை பார்வையாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறாராம். கடைசியில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரி பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எது உங்க கீரை?" என்று கேட்டாள்.

ஆனால் கீரை எங்கே இருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும் மாப்பிள்ளை. உங்கள் குடியிருப்பு வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. எங்கள் தெருமுனையில் கிளம்புகிற என் வண்டி அந்தக் கடையைத் தாண்டித்தான் பாலத்து நிறுத்தத்துக்குப் போகும். போகும்போதும் பார்ப்பேன், வரும்போதும் பார்ப்பேன். கேரட்டைக் குளிப்பாட்டி வரிசையாகப் படுக்கவைத்திருப்பார்கள். கீரைமேல் ஒரு குழாய் தானாகவே பூவாளி மாதிரி தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும். எங்கள் தெருவில் மனிதர்களுக்கே குழாயில் தண்ணீர் அப்படி வந்ததில்லை. பார்க்கலாம், நிற்க முடியாது. அங்கே நிறுத்தம் கிடையாது. ஒரு காலத்தில் வைப்பதாக இருந்தார்களாம், வாசலில் கண்டவர்களும் நிற்பார்கள் என்று உங்கள் சங்கம் வேண்டாம் என்றுவிட்டதாம். அதனால் உங்கள் வீடுகளுக்கு வேலைக்கு வருகிறவர்கள் எல்லாம் பாலத்தில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வருவார்கள். நான் காலையில் வண்டி எடுக்கும்போது கடை திறந்திருக்காது, வண்டியை விடும்போது கடை மூடியிருக்கும். ஒரு விடுமுறை நாளில் சட்டை மாற்றிக்கொண்டு போனேன். முன்பக்கம் இருந்த கீரையின் விலையைக் கேட்டு, கேட்டதற்கே பணம் கேட்பார்களோ என்று பயந்து பின்பக்கமாக வந்துவிட்டேன். பின்பக்கக் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறைய வளைந்த கேரட், ஓட்டை விழுந்த கீரை, ஒரு பக்கம் சூம்பிய தக்காளி. கடைக்காரம்மா, "அது குப்பை வண்டிக்குப் போறதுங்க. வளைஞ்சதை எதிர்ல இருக்கிறவங்க தொடமாட்டாங்க" என்றார். கடை வாசலில் மருந்து தெளிக்காத காய்கறி என்று கொட்டை எழுத்தில் பலகை இருந்தது. "பூச்சி கடிச்சிருந்தா மருந்து அடிக்கலன்னுதானேம்மா அர்த்தம்?" என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது. அவங்களுக்கு மருந்தும் இருக்கக்கூடாது, ஓட்டையும் இருக்கக்கூடாது. பூச்சிகிட்ட போய் நான் என்னத்தைச் சொல்றது? எடுத்துக்குங்க, குடுக்கிறதைக் குடுங்க" என்றார். ஒரு பை நிறைய வாங்கினேன். பாலத்துக்கு நடந்து போய்ப் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவதற்குள் ஒரு பருத்த அம்மா அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். வந்து சேர்ந்தது கீரை இல்லை, துவையல். விடுமுறை நாளும் வாரத்துக்கு ஒன்றுதான். மற்ற நாளெல்லாம் அந்தப் பெட்டியை வெளியே வைப்பதும் குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போவதும் என் காலை வண்டி அந்தப் பக்கம் போகிற நேரத்தில்தான் நடக்கும்.

ஆகவே ஒரு நாள் நிறுத்தினேன். மனசு வைத்தால் முடியாதது என்ன என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? என் கண்டக்டர் விசில், டிக்கெட் கிழிப்பதைவிடப் பாட்டை விசிலடிப்பதுதான் அதிகம் என்பதால் அந்தப் பெயர், முன்னால் ஓடி வந்து, "என்னண்ணே, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றான். வாயில் வந்ததைச் சொன்னேன். "வண்டி சூடாயிருச்சுடா, ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணும்." பஸ்ஸில் ஒரு வாளி எப்போதும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் நிறையக் கீரையோடு திரும்பி வந்தேன். முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த சமையல்காரம்மா வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன்யா டிரைவரே, உன் ரேடியேட்டருக்குக் கீரையா போடுறே?" என்றார். அவர் உங்கள் வீட்டில்தான் சமைக்கிறார் மாப்பிள்ளை. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அடுத்த நொடியே இறங்கிவிட்டார். அவரைப் பார்த்து ஆயாக்கள் இறங்கினார்கள், தோட்டக்காரர் இறங்கினார், வாட்ச்மேன்கள் இறங்கினார்கள், தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கடைசி நிறுத்தம் என்று நினைத்து அவரும் இறங்கிவிட்டார். இறங்கியவர்களை விட்டுவிட்டு வண்டியை எடுக்க முடியுமா? மறுநாள் நான் பிரேக்கில் கால் வைக்கும் முன்பே எல்லோரும் பையை உதறிக்கொண்டு எழுந்து நின்றார்கள். ஒரு வாரத்தில் விசில், "கீரையெல்லாம் இறங்கு" என்று குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டான். கடைக்காரம்மாவும் பெட்டியைப் பின்பக்கத்திலிருந்து ரோட்டோரத்துக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார். உங்கள் குடியிருப்பில் வேலை செய்கிறவர்கள் வாங்கிக்கொண்டு அப்படியே சாலையைத் தாண்டி வேலைக்குப் போய்விடுவார்கள், பாலத்திலிருந்து நடக்கிற நடை மிச்சம். மற்றவர்கள் ஏறிக்கொள்வார்கள். எல்லாம் இரண்டு நிமிஷ வேலை.

இதில் நான் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். வண்டி வழியில் நின்றால் காரணம் எழுதியாக வேண்டும் என்பது எங்கள் விதி. விசில் ஒழுங்கான பையன், தினமும் "ரேடியேட்டர் சூடு" என்று எழுதிக்கொண்டே வந்தான். நானும் பார்க்கவில்லை. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சூடாகிற வண்டியைப் பார்த்து ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்குகளுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு நாள் வண்டியைப் பிடித்து நிறுத்தி, இன்ஜினைக் குடலைப் பிரிப்பதுபோல் பிரித்து, பாவம், நன்றாக இருந்த ரேடியேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டினார்கள். மூடிக்குப் பக்கத்தில் ஒரு கீரைத்தண்டு கிடந்ததாம். அது எப்படி அங்கே போனது என்று தலைமை மெக்கானிக் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார். என் வண்டி பிரித்துக் கிடந்த வரைக்கும் எனக்கு வேறு வண்டி கொடுத்தார்கள். அந்த வண்டி உண்மையிலேயே சூடாகிற வண்டி. உங்கள் குடியிருப்பு வாசலில் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. நான் இறங்கிப் போய்ப் பதறிக்கொண்டு தண்ணீர் கேட்டால், கடைக்காரம்மா கண் சிமிட்டிவிட்டு ஒரு கட்டுக் கீரையை எடுத்து நீட்டுகிறார். "தண்ணிம்மா, தண்ணி" என்று நான் கத்த, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் "எங்களுக்கும் தண்ணி" என்று சிரிக்க, மானம் போயிற்று.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும் மாப்பிள்ளை, உடம்பு இளைத்தது. என் வீட்டுக்காரி முதலில், "நான் ஆசைப்பட்டுக் கேட்டப்போ ஒரு நாளாவது பஸ்ஸை நிறுத்தியிருப்பீங்களா? கீரைக்கு நிறுத்துறீங்க" என்று பொருமினாள். பிறகு அவளுக்கே ருசி தட்டிவிட்டது. கீரையை வேகவைத்தாள், கேரட்டை நறுக்கினாள், நான் மென்றேன். சோடாவை விட்டேன். படியேறினால் மூச்சு வாங்கியது நின்றது. விசில் என் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக் கொடுத்தான். எங்கள் தெருவில் நாலு வீட்டில் கீரை வேகிற வாசனை வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவுதானா விஷயம், இது நம் வழியிலேயே கிடந்திருக்கிறதே என்று இருந்தது.

அப்போதுதான் ஒரு நாள் உங்கள் கார் என் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ஹாரன் அடித்தீர்கள். நான் கண்ணாடியில் பார்த்து, நம் மாப்பிள்ளை என்று கையசைத்தேன், நீங்கள் பார்க்கவில்லை. காரை ஓரம்கட்டி இறங்கி, கூட்டம் எதை இப்படி அள்ளுகிறது என்று பார்த்தீர்கள். ஒரு வளைந்த கேரட்டைக் கையில் எடுத்து, "இயற்கையா இருக்கே" என்றீர்களாம். அடுத்த வாரம் உங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் வளைந்ததுதான் வேண்டும் என்று ஆகிவிட்டது. கடைக்காரம்மா என்ன செய்வார்? பெட்டியை உள்ளே எடுத்துப் போய், சணல் பையில் கட்டி, "மண்ணின் மணத்தோடு" என்று சீட்டு ஒட்டி, நேரான கேரட்டைவிடக் கூடுதல் விலைக்கு விற்றார். நாங்கள் கொஞ்ச நாள் நேரான கேரட்டாவது மலிந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டு வெறும் பையோடு ஏறினோம். பிறகு நீங்கள் வைத்த இன்னொரு விருந்து. உங்கள் முதலாளியை அழைத்து, ஓட்டைக் காலிஃபிளவரைப் பச்சையாக அடுக்கி வைத்தீர்கள். சமையல்காரம்மா, "உப்புத் தண்ணியில போட்டு எடுத்துடறேங்க" என்று கேட்டதற்கு, "சத்து போயிரும், நீ சும்மா இரு" என்றீர்களாம். உள்ளே இருந்த புழு உங்களைப் போலவே இயற்கையை விரும்புகிற புழு. நிதானமாக நடந்து முதலாளியின் தட்டுக்கே போய்விட்டது. மறுநாள் சணல் பை எல்லாம் மாயம். பெட்டி மறுபடி வெளியே வந்தது, நாங்கள் மறுபடி இறங்கினோம், அதே வாரத்தில் உங்கள் புகார் போனது. அதில் சுகாதாரக் கேடு என்று ஒரு வரி இருந்தது. புழுவும் எங்கள் பஸ்ஸில்தான் வந்திறங்கியது என்பதுபோல் எழுதியிருந்தது.

பரிசோதனையும் விசாரணையும் எனக்கு ஒரே நாளில் வைத்தார்கள். அடுத்தடுத்த அறை. முதல் அறையில் டாக்டர் தாளைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், எழுந்து நின்று கைகொடுத்தார். "பிரமாதம்ப்பா. எல்லாம் அளவுக்குள்ள வந்துருச்சு. இன்னும் எத்தனை வருஷம் வேணாலும் வண்டி ஓட்டலாம். என்ன பண்ணே?" என்றார். கீரை சாப்பிட்டேன் என்றேன். "பாத்தியா, மனசு வெச்சா முடியும்" என்றார். அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு அடுத்த அறைக்குப் போனேன். விசாரணை அதிகாரி உங்கள் புகாரைப் படித்தார். "நிறுத்தம் இல்லாத இடத்துல வண்டியை நிறுத்தினது உண்மையா?" உண்மைதான் என்றேன். "எதுக்கு நிறுத்தினே?" "கீரை வாங்க." அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு அறைக் கதவைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எனக்கும் சுகர்தான். அந்தக் கடை எங்க இருக்கு?" என்று கேட்டார். வழி சொன்னேன். கேட்டுக்கொண்டு, பேனாவைத் திறந்து, என்னைக் கழுவுற ஷெட்டுக்கு எழுதினார். "என் கையில ஒண்ணும் இல்லப்பா. புகார் குடுத்தவங்க வாபஸ் வாங்கினா எச்சரிக்கையோட விட்டுடலாம்" என்றார். ஷெட்டில் எல்லோரும் வியாதிக்காரர்கள். நான் ஒருவன்தான் டாக்டர் கைகொடுத்த தாளை வைத்துக்கொண்டு பஸ் கழுவுகிறேன். நேற்று என் வண்டியே கழுவ வந்தது. ஸ்டியரிங்கைத் துடைக்கும்போது அழுகை வந்துவிட்டது மாப்பிள்ளை. ஹோஸ் பைப்பை முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டேன்.

ஆகவே உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். ஒரு வரி எழுதிக் கொடுங்கள். இனி என் ஆயுசில் அந்த இடத்தில் வண்டியை நிறுத்தமாட்டேன். சமையல்காரம்மா கெஞ்சினாலும் நிறுத்தமாட்டேன், இன்ஜின் தீப்பிடித்தாலும் பாலத்தில் கொண்டுபோய்த்தான் நிறுத்துவேன். அந்தக் கடை இருக்கிற பக்கம் கழுத்தைத் திருப்பமாட்டேன். என்னால் உங்கள் வாசலுக்கும் உங்கள் முதலாளியின் தட்டுக்கும் நேர்ந்த அசௌகரியத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், நேரான கேரட்டாகவே தின்று வளர்ந்து, நீங்கள் பார்த்துப் பெருமைப்படும்படி இருக்க வேண்டும். என் வீட்டுக்காரியும் அண்ணனைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அவள் சொன்ன மற்றவற்றை எழுதவில்லை.

உங்கள் பதிலை எதிர்பார்த்து, ரப்பர் பூட்ஸில் நின்றபடி,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: உறையை எச்சில் தொட்டு ஒட்டப்போகிற நேரத்தில் விசில் மூச்சிரைக்க ஓடி வந்தான். மேலே கேட்டது எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். நீங்களே வேறு ஒன்று செய்துவிட்டீர்களாம்.

எனக்குப் பதிலாக வண்டி ஓட்டுகிறவருக்கு டிப்போவில் சட்டம் என்று பெயர். வண்டி முன்னால் யானை நின்றாலும், நிறுத்தம் இல்லையென்றால் நிற்கமாட்டார். அதனால் உங்கள் சமையல்காரம்மாவும் ஆயாக்களும் மறுபடி பாலத்தில் இறங்கி நடந்து வர ஆரம்பித்தார்கள். இத்தனை நாள் அவர்கள் சீக்கிரம் வந்ததில் உங்கள் வீடுகளும் அந்த நேரத்துக்குப் பழகிவிட்டன. பிள்ளைகள் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனார்கள், பெரியவர்கள் இலைகூட இல்லாமல் ஆபீஸ் போனார்கள். நீங்கள் அவசரக் கூட்டம் போட்டு, "எங்கள் வாசலில் பஸ் நிற்காததால் குடியிருப்போர் அனைவரும் பெரும் அவதிப்படுகிறோம், உடனே நிறுத்தம் வேண்டும்" என்று கம்பெனிக்கு எழுதினீர்களாம். விசாரணை அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "நின்னதுக்கு ஒரு புகார், நிக்காததுக்கு ஒரு புகார், ரெண்டுலயும் ஒரே கையெழுத்து" என்றாராம். நிறுத்தம் போட்டாகிவிட்டது. நிறுத்தம் இருக்கிற இடத்தில் நிறுத்தியவனை எதற்கு ஷெட்டில் வைப்பது என்று, திங்கட்கிழமை முதல் எனக்கு வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே அங்கே நிறுத்தமாட்டேன் என்று மேலே சத்தியம் செய்ததை அடித்துவிட்டதாகப் பாவித்துக்கொள்ளுங்கள். நிறுத்தாவிட்டால் இப்போது மறுபடி ஷெட்.

இன்னொன்றும் விசில் சொன்னான். நிறுத்தத்துக்குக் கூரை போட உங்கள் சங்கம் காட்டிய இடம், கடைக்காரம்மா பெட்டி வைக்கிற இடமாம். இனி அங்கே கழிவுக் காய்கறி எதுவும் வைக்கக்கூடாது என்றும் எழுதி வாங்கிவிட்டீர்களாம். அவர் இப்போது விடிவதற்குள் எல்லாவற்றையும் குப்பை வண்டியில் ஏற்றிவிடுகிறாராம். டாக்டர் அடுத்த பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டார். என் வீட்டுக்காரி மூலைக்கடைக்குப் போய் உருளைக்கிழங்கு வாங்கி வந்துவிட்டாள். உங்கள் வீட்டில் கீரை மிஞ்சினால், ஓட்டையோ வாடலோ, வெளியே கொட்டுவதற்கு முன்னால் தங்கையிடம் சொல்லி நிறுத்தத்துக்குக் கொடுத்தனுப்புங்கள். வண்டி நிச்சயம் நிற்கும்.